டோர், பாலம், ஸ்னோஃப்ளேக்: சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் குகைப் பகுதியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மேஜைக்கு அடியில் ஒரு பழைய லேப்டாப் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். "அது என்னத்துக்குங்க சும்மா ஓடுது?" என்றுதான் பெரும்பாலும் பேச்சு ஆரம்பிக்கும். அது சும்மா ஓடவில்லை. இணையத்தைத் தடுத்து வைத்திருக்கும் ஏதோ ஒரு நாட்டில் இருக்கும் யாரோ ஒருவருக்கு டோர் என்ற வலையமைப்புக்குள் போக வழி விட்டுக்கொண்டிருக்கிறது. இதைச் சொன்னதும் அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். இத்தனை வருடமாகக் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டோர் என்றால் என்ன?

இணையத்தில் நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்பது தெரியாமல் போய்வர உதவும் வலையமைப்பு. எந்தக் கம்பெனியும் நடத்தும் சேவை அல்ல. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் தங்கள் செலவில் ஓட்டும் 7,000க்கும் மேற்பட்ட கணினிகள் சேர்ந்ததுதான் டோர். அந்தக் கணினிகளுக்கு ரிலே என்று பெயர். மென்பொருளை எழுதிப் பராமரிப்பது டோர் புராஜெக்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு. 2006இல் தொடங்கியது. நமக்கு வேண்டியது டோர் பிரவுசர் மட்டும். இலவசம். கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஆனியன் பிரவுசர் என்று தனியாக ஒன்று இருக்கிறது.

அது எப்படி மறைக்கிறது? புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

எங்கள் பெரியப்பா வீடு செவ்வாய்ப்பேட்டையில். வெள்ளிக் கொலுசுப் பட்டறை. சேலத்துக் கொலுசு ஒரே இடத்தில் உருவாவதில்லை என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பார்கள். இன்னொரு வீட்டில் வளையம் கோத்துப் பொடி வைத்துப் பற்ற வைப்பார்கள். வேறொரு வீட்டில் மெருகு போடுவார்கள். மெருகு போடுகிறவருக்குத் தன்னிடம் சரக்கைக் கொடுத்தவரைத் தெரியும், அடுத்து யாரிடம் கொடுக்க வேண்டும் என்பது தெரியும். முதலில் வெள்ளி கொடுத்த கடைக்காரர் யார் என்பது அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

டோரும் அப்படித்தான். உங்கள் பிரவுசர் மூன்று ரிலேக்களைத் தேர்ந்தெடுக்கும். அனுப்ப வேண்டியதை ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பூட்டுப் போட்டுக் கட்டி அனுப்பும். முதல் ரிலே வெளிப்பூட்டை மட்டும் திறக்கும். உள்ளே இருப்பது இன்னொரு பூட்டிய பொட்டலமும் "இதை அங்கே கொடு" என்ற முகவரியும்தான். நடு ரிலே அடுத்த பூட்டைத் திறக்கும். கடைசி ரிலே கடைசிப் பூட்டைத் திறந்து நீங்கள் கேட்ட தளத்துக்கு அனுப்பும். முதல் ரிலேக்கு உங்களைத் தெரியும், நீங்கள் போகும் இடம் தெரியாது. கடைசி ரிலேக்குப் போகும் இடம் தெரியும், உங்களைத் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது.

பட்டறையில் எல்லோரும் வெள்ளியைக் கண்ணால் பார்க்கிறார்கள், டோரில் உள்ளே என்ன இருக்கிறது என்பதே முதல் இரண்டு பேருக்குத் தெரியாது. அந்த அளவில் ஒப்புமை இங்கே நின்றுவிடுகிறது. இன்னொன்று, மூன்று ரிலேக்களும் ஒரே ஆளுடையதாக அமைந்துவிட்டால் எல்லாம் கெட்டது. அதனால்தான் ஒரே நடத்துநர் அறிவித்த ரிலேக்களையோ, அடுத்தடுத்த ஐபி எண்களில் (இணையத்தில் ஒரு கணினியின் முகவரி எண்) இருப்பவற்றையோ பிரவுசர் ஒரே பாதையில் சேர்க்காது. முதல் ரிலேயை அது மாதக்கணக்கில் மாற்றாமல் வைத்திருக்கும். மற்ற இரண்டும் அடிக்கடி மாறும்.

இதை அமெரிக்கக் கடற்படை செய்தது என்கிறார்களே? அப்படியானால் எப்படி நம்புவது?

அது உண்மைதான். 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தில் பால் சைவர்சன், மைக்கேல் ரீட், டேவிட் கோல்ட்ஷ்லாக் ஆகிய மூவர் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகப் பூட்டும் இந்த யோசனையைக் கொண்டுவந்தார்கள். பிறகு ரோஜர் டிங்கிள்டைனும் நிக் மேத்யூசனும் சேர்ந்து, 2002இல் டோர் வெளிவந்தது. நிரல் முழுவதும் திறந்த மூலம்.

கடற்படை இதை ஏன் ஊருக்கே கொடுத்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடற்படைக்காரர்கள் மட்டும் பயன்படுத்தும் வலையமைப்பு என்றால், அதிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் கடற்படைக்காரர் என்று உடனே தெரிந்துவிடும். நள்ளிரவில் காலித் தெருவில் முகத்தை மூடிக்கொண்டு ஒருவர் நடந்தால் எல்லோரும் அவரைத்தான் பார்ப்பார்கள். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக் கூட்டத்தில் நடந்தால் யாரும் பார்க்கமாட்டார்கள். மறைவு கூட்டத்தால் வருகிறது. அதற்கு எல்லா வகை ஆட்களும் உள்ளே இருக்க வேண்டும்.

டோர் புராஜெக்ட்டுக்கு அமெரிக்க அரசிடமிருந்து பல ஆண்டுகளாகக் கணிசமான நிதி வந்திருக்கிறது. அதை அவர்களே கணக்கில் காட்டி வெளியிடுகிறார்கள். அந்த நிதியைச் சார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, தனி மனிதர்களின் நன்கொடை கூட வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் நிரலை யாரும் படித்துப் பார்க்கலாம், ரிலேக்களை ஓட்டுவது நம்மைப் போன்றவர்கள். என் நம்பிக்கை அதன் மேல்தான்.

நான் மறைக்க ஒன்றும் இல்லையே. எனக்கு எதற்கு இது?

இந்தக் கடை முன்பு பிரவுசிங் சென்டராக இருந்தது. 2011இல் சைபர் கஃபே விதிகள் வந்தன. வருகிற ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பார்க்க வேண்டும், பெயர், முகவரி, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் எல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும், அதையும் பார்த்த தளங்களின் வரலாற்றையும் ஓராண்டு வைத்திருக்க வேண்டும். நானும் எழுதினேன். நீளமான கணக்கு நோட்டு, ஸ்கேலால் கோடு போட்டு ஐந்து பத்தி.

ஒரு நாள் மதியம் ஒரு அம்மா வந்தார். கையில் மகளின் ஸ்கேன் ரிப்போர்ட். அதில் எழுதியிருந்த நோயின் பெயரைப் போட்டுப் படித்துப் பார்க்க வேண்டும் என்றார். நான் நோட்டைத் திருப்பிப் பேனாவை நீட்டினேன். பெயர் எழுதும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேண்டாங்க, அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார். திரும்ப வரவேயில்லை. கல்யாணமாக வேண்டிய பெண்ணின் நோய் தெரிந்த தெருவில் ஒரு நோட்டில் ஏறுவதை அவர் விரும்பவில்லை. அந்த அம்மா மறைத்தது குற்றம் அல்ல, மானம்.

இப்போது அந்த நோட்டு கண்ணுக்குத் தெரியாமல் எல்லோர் பின்னாலும் எழுதப்படுகிறது. இணைய இணைப்பு தரும் நிறுவனம், விளம்பர நிறுவனங்கள், ஹாஸ்டல் வைஃபை வைத்திருப்பவர் என்று எழுதுகிற கைகள் பல. கணவன் பெயரில் இருக்கும் பிராட்பேண்டில் குடும்ப வன்முறைச் சட்டம் பற்றிப் படிக்க வேண்டிய பெண்ணை நினைத்துப் பாருங்கள். வேலை செய்யும் இடத்து முறைகேட்டைப் பத்திரிகைக்குச் சொல்ல நினைக்கும் குமாஸ்தாவை நினைத்துப் பாருங்கள். பத்திரிகைகளுக்குத் தகவல் கொடுக்க உதவும் செக்யூர்டிராப் என்ற அமைப்பு டோர் வழியாகத்தான் நடக்கிறது. இணைய உரிமைகளுக்காகப் போராடிய ஆரன் ஸ்வார்ட்ஸ் உருவாக்கத் தொடங்கி, அவர் மறைந்த பிறகு 2013இல் வெளிவந்தது அது. உங்களுக்கு மறைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் கிரிக்கெட் ஸ்கோரையும் மாங்காய் விலையையும் டோரில் பாருங்கள். தேவைப்படுகிற ஒருவருக்கு நீங்கள் கூட்டமாக நிற்கிறீர்கள்.

இந்தியாவில் டோர் பயன்படுத்துவது குற்றமா?

டோர் பயன்படுத்துவதையே குற்றமாக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. வெளியே எது குற்றமோ அது டோருக்குள்ளும் குற்றம்தான். ஜம்மு காஷ்மீரில் சில மாவட்டங்களில் விபிஎன் (உங்கள் இணைப்பை ஒரு கம்பெனி வழியாகத் திருப்பிவிடும் சேவை) பயன்படுத்தக் கூடாது என்று தற்காலிக உத்தரவுகள் போட்டிருக்கிறார்கள், அதனால் பயணம் போகும்போது அந்த ஊர் உத்தரவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் ஒரு தளத்தை எப்படித் தடுக்கிறார்கள்?

சட்டம் என்று பார்த்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைக் காட்டி ஒரு தளத்தையோ செயலியையோ தடுக்கச் சொல்லலாம். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகள் ஒரே மூச்சில் போனது இந்தப் பிரிவின் கீழ்தான். 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை ரத்து செய்தது, ஆனால் 69ஏவை விட்டுவைத்தது. என்னை உறுத்துவது 2009இன் தடுப்பு விதிகளில் இருக்கும் ரகசியக் காப்பு விதி. எந்தத் தளம் ஏன் தடுக்கப்பட்டது என்பதைப் பொதுமக்கள் கேட்டுப் பெறுவது கடினம். எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள் என்றே சொல்லாமல் நூலக அலமாரியைக் காலி செய்வது மாதிரி.

தொழில்நுட்பம் என்று பார்த்தால் மூன்று வழிகள் பொதுவானவை. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் தவறான பதில் கொடுப்பது ஒன்று. பூட்டு இல்லாத இணைப்பில் நடுவில் புகுந்து தடுப்புப் பக்கத்தைக் காட்டுவது இரண்டாவது. மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய இணைப்பில் உள்ளடக்கம் தெரியாவிட்டாலும், ஆரம்பத்தில் தளத்தின் பெயர் திறந்தபடி போகும். அந்தப் பெயரைப் பார்த்து இணைப்பைத் துண்டிப்பார்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வழியைப் பிடிப்பதால்தான் ஒரே தளம் ஒரு கம்பெனி சிம்மில் திறக்கும், இன்னொன்றில் திறக்காது.

உங்கள் இணைப்பில் என்ன தடுக்கப்பட்டிருக்கிறது என்று நீங்களே சோதிக்க ஊனி புரோப் என்ற செயலி இருக்கிறது. 2012 முதல் உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் எடுக்கும் அளவீடுகளை அந்தத் திட்டம் சேர்த்துப் பொதுவில் வைக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் செய்து பார்க்கத் தகுந்த வேலை. ஆனால் சோதனை முடிவும் நீங்கள் எந்த இணைப்பில் இருக்கிறீர்கள் என்பதும் பொதுவில் ஏறும், அதைத் தெரிந்து செய்யுங்கள்.

இன்டர்நெட்டையே நிறுத்திவிட்டால் டோர் வேலை செய்யுமா?

செய்யாது. வாய்க்காலில் தண்ணீரே வராதபோது எந்த மடையைத் திறந்தும் பயனில்லை.

இது எங்கேயோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் இறந்தார்கள். அடுத்த நாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். அங்கே சொந்தம் உள்ளவர்கள் என் கடையில் வந்து நின்று, மெசேஜ் ஒற்றை டிக்கோடு நிற்பதைக் காட்டி "உங்க கம்ப்யூட்டர்ல ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டார்கள். "போன் போட்டுப் பேசுங்கள்" என்று சொல்வதைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை.

காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் இணையத்தை நிறுத்தினார்கள். 4ஜி முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். அதை எதிர்த்துப் போட்ட வழக்கில், அனுராதா பசின் வழக்கு என்பார்கள், 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. காலவரையின்றி இணையத்தை நிறுத்தி வைக்க முடியாது. நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும். அடுத்த முறை எந்த மாவட்டத்தில் நின்றாலும் "உத்தரவைக் காட்டுங்கள்" என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. இந்த இடத்தில் மென்பொருளைவிட அந்தக் கேள்விதான் உதவும்.

பக்கத்தில் இருப்பவர்களோடு தொடர்பு வைத்திருக்க மட்டும் பிரையர் என்ற செயலி உதவும். இணையம் இருந்தால் டோர் வழியாகவும், இல்லாவிட்டால் புளூடூத், வைஃபை வழியாகவும் செய்தி அனுப்பும். தெருவுக்குள், கட்டடத்துக்குள் சரி. சேலத்திலிருந்து தூத்துக்குடிக்கு ஆகாது.

கெட்டவர்களும் இதைத்தானே பயன்படுத்துகிறார்கள்?

ஆமாம், பயன்படுத்துகிறார்கள். போதைப்பொருள் விற்ற சில்க் ரோடு என்ற சந்தை டோருக்குள்தான் நடந்தது. குழந்தைகளைச் சித்திரவதை செய்யும் படங்களைப் பரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். இதைச் சின்ன விஷயமாக நான் பேசமாட்டேன், எனக்கும் மகள் இருக்கிறாள்.

அதே சமயம் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். சில்க் ரோடு 2013இல் பிடிபட்டது. அதை நடத்தியவர் ஆரம்பத்தில் தன் சொந்த மின்னஞ்சல் முகவரியை ஒரு இடத்தில் போட்டிருந்தார், பொறுமையான புலனாய்வில் அது கண்ணில் பட்டது. டோர் இருந்தும் போலீஸ் வேலை நடக்கிறது. இரண்டாவது, பெரிய குற்றவாளிக்குத் திருட்டு சிம், ஹேக் செய்த கணினி, காசு கொடுத்து வாங்கிய வசதி எல்லாம் இருக்கின்றன. டோரை மூடினால் அவன் வேறு வழி தேடிக்கொள்வான். ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்த அம்மாவுக்கு வேறு வழி கிடையாது.

விபிஎன் போதாதா?

விபிஎன்னில் உங்கள் போக்குவரத்து முழுவதும் ஒரே கம்பெனி வழியாகப் போகிறது. இணைப்பு தருபவரை நம்புவதற்குப் பதில் அந்தக் கம்பெனியை நம்புகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கொலுசு வேலை முழுவதையும் ஒரே பட்டறையில் கொடுத்தது மாதிரி, அவருக்கு எல்லாம் தெரியும். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. பல வெளிநாட்டு விபிஎன்கள் இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. இலவச விபிஎன் செயலிகளைப் பற்றி என் அபிப்பிராயம் கடுமையானது. செலவை யாராவது கொடுத்தாக வேண்டும், பெரும்பாலும் அது உங்கள் தகவலாக இருக்கும். விளையாட்டுக்கும் வீடியோவுக்கும் நல்ல விபிஎன் சரி. யார் என்று தெரியக் கூடாது என்றால் டோர்.

அண்ணா, நான் துபாயில் இருக்கேன். டோர் போட்டால் வாட்ஸ்அப் கால் பேச முடியுமா?

முடியாது தம்பி. டோர் டிசிபி வகைப் போக்குவரத்தை மட்டும்தான் சுமக்கும். வாய்ஸ், வீடியோ கால்கள் பெரும்பாலும் யுடிபி என்ற வேறு வகையில் போகிறவை. அதோடு அந்த நாட்டில் குற்றம் செய்ய விபிஎன் போன்றவற்றைப் பயன்படுத்தினால் அபராதம் லட்சக்கணக்கான திர்ஹாமில் இருக்கிறது. அம்மாவோடு பேச அங்கே அனுமதித்திருக்கும் செயலிகளையே பயன்படுத்து. வேலைக்கு ஆபத்து வருகிற எதையும் நான் சொல்லித் தரமாட்டேன்.

டோர் போட்டால் யாராலும் கண்டுபிடிக்கவே முடியாதா?

அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே போய் உங்கள் ஃபேஸ்புக் கணக்கில் நுழைந்தால் ஃபேஸ்புக்குக்கு நீங்கள் யார் என்று தெரியும். போன் நம்பரைக் கொடுத்தால் முடிந்தது. டோர் உங்கள் பாதையை மறைக்கும், உங்கள் வாயை மூடாது.

2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தேர்வைத் தள்ளிப்போட ஒரு மாணவர் டோர் வழியாக வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். டோரை யாரும் உடைக்கவில்லை. அந்த நேரத்தில் பல்கலைக்கழக வலையமைப்பிலிருந்து டோருக்குப் போனவர்கள் யார் என்று பார்த்தார்கள். விசாரித்ததும் ஒப்புக்கொண்டார். அவர் செய்தது தவறு. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, டோருக்குள் என்ன செய்கிறீர்கள் என்பது தெரியாவிட்டாலும் டோர் பயன்படுத்துகிறீர்கள் என்பது தெரியும் என்பது. கூட்டம் சிறியதாக இருந்தால் அது ஒன்றே போதும்.

கடைசி ரிலேயிலிருந்து தளத்துக்குப் போகும் துண்டில் டோரின் பூட்டு இருக்காது. 2007இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் தானே சில கடைசி ரிலேக்களை ஓட்டி, பல தூதரகங்களின் மின்னஞ்சல் கடவுச்சொற்கள் திறந்தபடி போவதைப் பார்த்து வெளியிட்டார். அதனால் எச்டிடிபிஎஸ் பூட்டு இல்லாத தளத்தில் எதையும் தட்டச்சு செய்யாதீர்கள். பாதையின் இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் கவனிக்கும் அளவு பலம் உள்ளவர்கள், நேரத்தை ஒப்பிட்டு ஆளைப் பிடிக்க முடியும் என்பதையும் டோரை உருவாக்கியவர்களே ஆரம்பம் முதல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

டோர் பிரவுசரில் ஆட்-ஆன் எதுவும் சேர்க்காதீர்கள். எல்லோருடைய பிரவுசரும் ஒரே மாதிரி தெரிவதுதான் அதன் பலம்.

ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது? பேங்க் வேலைக்கு ஆகுமா?

மூன்று ரிலேக்களைச் சுற்றி வருகிறது, அதனால். பேங்க் வேலைக்கு வேண்டாம். பேங்குக்கு நீங்கள் யார் என்று தெரிந்தாக வேண்டும், திடீரென்று ஜெர்மனியிலிருந்து நுழைவது போலத் தெரிந்தால் கணக்கை முடக்கிவிடலாம்.

டோரையே தடுக்கும் நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

ரிலேக்களின் பட்டியல் பொதுவில் இருக்கிறது. அதனால் அரசு நினைத்தால் அத்தனை முகவரிகளையும் தடுக்கலாம். சீனா 2009இல் அதைத்தான் செய்தது, ரஷ்யா 2021 டிசம்பரில் செய்தது. இதற்கு மாற்று பாலம். பாலம் என்பது பொதுப் பட்டியலில் இல்லாத ரிலே. டோர் பிரவுசருக்குள்ளேயே கேட்டு வாங்கலாம், டெலிகிராம் பாட் வழியாகவும் ஜிமெயிலில் கடிதம் அனுப்பியும் பெறலாம். கேட்பவருக்கு ஒரு சில மட்டும்தான் கொடுப்பார்கள். மொத்தமும் தடுப்பவர் கைக்குப் போய்விடக் கூடாது அல்லவா.

பாலத்தின் முகவரி தெரியாவிட்டாலும், போகிற தகவலின் சாயலைப் பார்த்தே டோர் என்று அடையாளம் காணும் கருவிகள் வந்தன. அதற்கு வேஷம் தேவைப்பட்டது. ஒப்ஸ்4 என்ற வேஷம் தகவலை எந்தச் சாயலும் இல்லாத கலவையாக மாற்றும். 2024இல் வந்த வெப்டனல் சாதாரண இணையதளத்தைப் பார்ப்பது போலக் காட்டும். ஸ்னோஃப்ளேக் வீடியோ கால் பேசுவது போலக் காட்டும். என் மேஜைக்கு அடியில் ஓடுவது இதுதான்.

ஸ்னோஃப்ளேக்கில் நீங்கள் செய்வது என்ன? நானும் செய்யலாமா?

செய்யலாம், இந்தப் பக்கத்தை எழுதியதே அதற்காகத்தான். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், எட்ஜ் எதிலும் ஒரு நீட்சியாகச் சேர்க்கலாம். பிரவுசரின் மூலையில் ஊதா நிறத்தில் ஒரு பனித்துகள் சின்னம் வரும். வேறு வேலை ஒன்றும் இல்லை. தடுக்கப்பட்ட நாட்டில் ஒருவர் டோரைத் திறந்து ஸ்னோஃப்ளேக்கைத் தேர்ந்தெடுத்தால், நடுவில் இருக்கும் தரகர் சர்வர் அவரையும் உங்களையும் இணைத்து வைக்கும். அவருடைய நாட்டுத் தடுப்புக் கருவிக்கு அவர் சேலத்தில் யாருடனோ வீடியோ கால் பேசுவது போலத் தெரியும். யாராவது இணைந்திருக்கும்போது சின்னம் பச்சையாகும். அழுத்தினால் கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை பேருக்கு உதவியிருக்கிறது என்று ஒரு எண் காட்டும்.

2022 செப்டம்பரில் ஈரானில் மஹ்சா அமினி போலீஸ் காவலில் இறந்த பிறகு போராட்டம் வெடித்தது. இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் தடுத்தார்கள். ஈரானிலிருந்து ஸ்னோஃப்ளேக் தேடி வந்தவர்கள் மளமளவென்று கூடினார்கள். அந்த வாரம் ஒரு ராத்திரி கடையைச் சாத்தக் கிளம்பினேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு லேப்டாப்பைப் பார்த்தால் சின்னம் பச்சை. வழக்கமாக ஒற்றை இலக்கத்தில் நிற்கும் எண் இரண்டு இலக்கத்தில் இருந்தது. அவர்கள் யார், என்ன பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை. கரண்ட் போனால் இணைப்பு அறுந்துவிடுமே என்று யுபிஎஸ் பேட்டரியைச் சரிபார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

அவர்கள் ஏதாவது தப்பு செய்தால் போலீஸ் என் வீட்டுக்கு வருமா?

ஸ்னோஃப்ளேக்கில் உங்கள் கணினி வாசல் மட்டும்தான். உங்களைத் தாண்டி ஸ்னோஃப்ளேக் சர்வருக்கும், அங்கிருந்து டோர் ரிலேக்களுக்கும் போய்த்தான் தளத்தை அடைகிறார்கள். தளத்தின் பதிவில் ஏறுவது கடைசி ரிலேயின் ஐபி, உங்களுடையது அல்ல. உள்ளே போவதும் பூட்டியே இருக்கும்.

கடைசி ரிலேயை, அதாவது வெளியேறும் ரிலேயை, வீட்டிலிருந்து ஓட்டுவது வேறு கதை. தயவுசெய்து ஓட்டாதீர்கள். 2017 ஏப்ரலில் மாஸ்கோவில் அப்படி ஒரு ரிலேயை ஓட்டிய கணித ஆசிரியர் ஒருவரைக் கைது செய்தார்கள். வேறு யாரோ போட்ட பதிவு அவருடைய ஐபியில் வந்திருந்தது. சிறையிலும் வீட்டுக்காவலிலும் மாதக்கணக்கில் இருந்தார். 2018இல்தான் வழக்கைக் கைவிட்டார்கள். வெளியேறும் ரிலே தேவைதான், ஆனால் அதை வக்கீல் துணையோடு நிறுவனங்களாக இருப்பவர்கள், டேட்டா சென்டரில் வைத்து நடத்தட்டும்.

நடு ரிலே வீட்டில் ஓட்டலாமா?

சட்டச் சிக்கல் பெரிதாக இல்லை, இணைப்புச் சிக்கல் இருக்கிறது. நம் ஊர் பிராட்பேண்டில் பல சமயம் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து யாரும் உங்கள் வீட்டுக் கணினியை நேராகத் தொட முடியாது. ரிலேக்கு அது அவசியம். நிலையான ஐபி தனியாக வாங்கினால் செய்யலாம். இரண்டு பக்கமும் குறைந்தது 10 எம்பிபிஎஸ் வேகம், இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் கணினி வேண்டும். புது ரிலேக்கு முதல் சில நாட்கள் போக்குவரத்து மிகக் குறைவாகத்தான் வரும். எட்டு நாள் கழித்துத்தான் முதல் ரிலேயாக எடுத்துக்கொள்ளப்படும் தகுதி கிடைக்கும், நிலைக்கு வர இரண்டு மாதம் ஆகும். பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஸ்னோஃப்ளேக்குக்கு இந்த நிபந்தனை எதுவும் இல்லை, ஐபியைப் பங்கிட்ட வீட்டிலும் ஓடும்.

மொபைல் டேட்டாவில் ஸ்னோஃப்ளேக் ஓட்டலாமா?

ஆண்ட்ராய்டில் ஆர்பாட் என்ற செயலியில் அதற்கு ஒரு வசதி உண்டு. தினசரி டேட்டா அளவு உள்ள சிம்மில் வேண்டாம். வீட்டு வைஃபையில், சார்ஜில் போட்டிருக்கும்போது மட்டும் ஓடும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு ஏற்காட்டில். மழை வந்தால் மரம் விழுந்து லைன் போகும், கரண்டும் போகும். நான் ஓட்டுவதில் பயன் உண்டா?

தாராளமாக உண்டு. ஒரு காபித் தோட்டத்துக் குடும்பத்தில் இதைக் கேட்டார்கள், நானே இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். ஸ்னோஃப்ளேக்கை வடிவமைத்ததே வந்து போகிற கணினிகளை நம்பித்தான். பனித்துகள் விழும், உருகும், வேறொன்று விழும். நடுவில் நீங்கள் போய்விட்டால் மறுமுனையில் இருப்பவரின் மென்பொருள் இன்னொரு தன்னார்வலரைத் தேடி, விட்ட இடத்திலிருந்து தொடரும். அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் சில நொடிகள் தயங்கும், அவ்வளவுதான். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பதால் தடுப்பவருக்கும் முகவரிகளைப் பட்டியல் போட்டு முடியாது.

நீட்சியைப் போட்டபின் பிரவுசரை மூடாமல் விட வேண்டும், லேப்டாப் தூங்கப் போகாதபடி பவர் அமைப்பை மாற்ற வேண்டும். அது வராவிட்டால் லேப்டாப்பைக் கடைக்கு எடுத்து வாருங்கள். இதற்கு நான் காசு வாங்குவதில்லை.